பாரிஸ் கதவுகள், பிராட்வே சிரிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

1965-ஆம் ஆண்டு நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் பாரிஸிலிருந்து வந்த இரண்டு நகைச்சுவை நாடகங்கள் மேடையேறின. இரண்டிலுமே கல்யாணமாகாத ஓர் ஆண், பெண்கள் விஷயத்தில் பொய் சொல்லிவிட்டு முழிக்கிறான். பிப்ரவரியில் வந்த 'போயிங் போயிங்' 23 காட்சிகளிலேயே மூட்டையைக் கட்டியது. டிசம்பரில் வந்த 'காக்டஸ் ஃபிளவர்' (கள்ளிப்பூ) 1,234 காட்சிகள் ஓடியது. ஒரே ஊர், ஒரே வருஷம். ஏன் இந்த வித்தியாசம்?

'ஃபார்ஸ்' என்று சொல்லப்படும் இந்த வகை நாடகத்தில் ஆழமான வசனம் எதுவும் கிடையாது. ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், ஆள்மாறாட்டம், சரியான நொடியில் திறந்து மூடும் கதவுகள். அவ்வளவுதான் சரக்கு. இதில் பெரிய கை பிரெஞ்சு நாடகாசிரியர் ஜார்ஜ் ஃபெய்தோ. 1907-இல் பாரிஸில் அரங்கேறிய அவருடைய 'ல பூஸ் ஆ லொரேய்' நாடகத்தில் ஒரு சந்தேகத்துக்குரிய ஹோட்டல் வரும். அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் சுவரோடு சேர்ந்து கட்டில் சுழலும். கள்ளக் காதலர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள், இந்தப் பக்கம் நோயாளிக் கிழவர் ஒருவர் கட்டிலோடு வந்து சேருவார். போதாததற்கு, கதாநாயகனும் அந்த ஹோட்டலின் குடிகார எடுபிடி ஆளும் அச்சு அசலாக ஒரே முகம். இரண்டு வேடத்தையும் ஒரே நடிகர்தான் செய்ய வேண்டும். ஒரு கதவு வழியாகப் போனவர் வேறு உடையில் இன்னொரு கதவு வழியாக வர எத்தனை நொடி என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார் மனுஷன்.

இந்தக் கணக்கில் கை வைத்தால் நாடகம் படுத்துவிடும். அதனால் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறவர் கதவுகளைத் தொட முடியாது. அவர் மாற்றக்கூடியது வேறொன்று: கதவு திறந்தால் என்ன ஆகும் என்ற பயம். பாரிஸ் நாடகத்துக்கு மனைவி, வைப்பாட்டி, மனைவியின் காதலன் என்பதெல்லாம் தினப்படி சமாசாரம். 1965-இன் நியூயார்க் ரசிகருக்கு அப்படி இல்லை. கணவன் மனைவிக்குத் துரோகம் செய்தால் சிரிப்பார். ஆனால் கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் சிரிப்பார்.

'காக்டஸ் ஃபிளவர்' தப்பித்தது இங்கேதான் என்பது என் எண்ணம். பியேர் பரியே, ஜான்-பியேர் கிரெதி இருவரும் எழுதிய பிரெஞ்சு மூலத்திலேயே ஒரு நல்ல தந்திரம் இருந்தது. பல் டாக்டர் ஒருவர், கல்யாணப் பேச்சு வரக்கூடாது என்பதற்காகத் தன் இளம் காதலியிடம், எனக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று புளுகி வைக்கிறார். பிறகு அவளையே மணக்க முடிவு செய்கிறார். அவளோ, உங்கள் மனைவியைப் பார்த்துப் பேசாமல் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். இல்லாத மனைவிக்கு எங்கே போவது? தன் கிளினிக்கில் வேலை செய்யும் கறார் நர்ஸைக் கெஞ்சி மனைவியாக நடிக்க வைக்கிறார். நடிக்க வந்த நர்ஸ் மெல்ல மலர்ந்துவிடுகிறாள். மேசைமேல் அவள் வைத்திருக்கும் கள்ளிச்செடியும் பூக்கிறது. கவனியுங்கள்: இந்தக் கதையில் துரோகம் செய்யப்பட்ட மனைவி என்று ஒருத்தி கிடையவே கிடையாது. நியூயார்க் ரசிகர் மனசாட்சி உறுத்தாமல் சிரிக்கலாம்.

இதை ஆங்கிலத்தில் தழுவி எழுதியவர் ஏப் பர்ரோஸ். 'கைஸ் அண்ட் டால்ஸ்' இசை நாடகத்தில் பங்கு கொண்டு பேர் வாங்கிய அசல் நியூயார்க் ஆள். டாக்டரை நியூயார்க்குக்குக் குடியேற்றினார், பேச்சையும் அந்த ஊர்ப் பேச்சாக்கினார், தானே இயக்கினார். நர்ஸாக லாரன் பகால். 1969-இல் வந்த சினிமாவில் அந்த வேடம் இங்கிரிட் பெர்க்மனுக்குப் போனது; காதலியாக வந்த கோல்டி ஹானுக்கு ஆஸ்கர்.

'போயிங் போயிங்' கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1985-இல் மோகன்லாலும் முகேஷும் நடித்து அதே பெயரில் மலையாளப் படம் வந்ததே, அதன் வேர் இதுதான். மார்க் கமொலெத்தி எழுதியது. மூன்று விமானப் பணிப்பெண்களை நிச்சயம் செய்து வைத்துக்கொண்டு, விமான அட்டவணையைப் பார்த்து ஒருத்தி இறங்கும்போது இன்னொருத்தியை ஏற்றி அனுப்புகிறான் ஒருவன். வேகமான புது போயிங் விமானம் வந்ததும் அட்டவணை கவிழ்கிறது. லண்டனில் பல வருஷம் ஓடிய ஆங்கில வடிவம்தான் நியூயார்க்குக்குப் போனது. இங்கிலாந்து வழியாகச் சுற்றிவந்த சரக்கு, அமெரிக்க மண்ணில் ஒட்டவில்லை.

சரி, அப்படியென்றால் அந்த நாடகம் அமெரிக்காவுக்கு ஆகாது என்று முடித்துவிடலாமா? முடியாது. 2008-இல் அதே 'போயிங் போயிங்' மறுபடி பிராட்வேக்கு வந்தது. பழைய நாடகத்தின் சிறந்த மறு மேடையேற்றம் என்று, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் பெரிய விருதான டோனி விருது, சிறந்த நடிகர் என்று மார்க் ரைலன்ஸுக்கு இன்னொரு டோனி. கதையும் கதவுகளும் மாறவில்லை. ரைலன்ஸ் நடித்தது கதாநாயகன் வேடம்கூட இல்லை. விருந்தாளியாக வந்து சிக்கிக்கொள்ளும் நண்பன் வேடம். விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து பாரிஸுக்கு வந்து இறங்கிய அப்பாவி. ரைலன்ஸ் ஆங்கிலேயர்தான், ஆனால் சிறுவயதில் விஸ்கான்சினில் வளர்ந்தவர். அந்த நிதானமான, சற்றே திகைத்த பேச்சு அவருக்குக் கைவந்தது. கூத்தடிக்கும் பாரிஸை, வாய் பிளந்து பார்க்கும் ஓர் அமெரிக்கனின் கண் வழியாக ரசிகர்கள் பார்த்தார்கள். பயப்படுகிறவன் தங்கள் ஆள் என்று ஆகிவிட்டது. 43 வருஷ இடைவெளியும் உதவியிருக்கும். பணிப்பெண்களை இப்படி நடத்துவது பழங்காலத்துக் கூத்து என்று ஆனபிறகு சிரிப்பது சுலபம்.

நடிகரை வைத்தே பாலம் கட்டும் இந்த வழி புதிதும் அல்ல. ஃபெய்தோவின் இன்னொரு ஹோட்டல் நாடகம் 1957-இல் 'ஹோட்டல் பாரடைஸோ' என்று பிராட்வே போனபோது, கதாநாயகனாகப் போட்டது பெர்ட் லாரை. 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் கோழைச் சிங்கமாக வந்தாரே, அவரேதான். பயந்து நடுங்குவதற்கு அமெரிக்காவில் அவரை மிஞ்ச யார்?

பர்ரோஸ் கைவண்ணம் எப்படி என்று பார்க்க விரும்பும் நேயர்கள் 1969 சினிமாவிலிருந்து தொடங்கலாம். அடுத்து 'போயிங் போயிங்' வேண்டுமென்றால், டோனி கர்ட்டிஸ் நடித்த ஹாலிவுட் படத்தைவிட மலையாளப் படத்தையே நான் சிபாரிசு செய்வேன். நன்றி, வணக்கம்.