சிக்கனத்தில் மிஞ்சுவது சோர்வே!

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, கோயில் கொடைத் திருவிழா பார்க்க வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமாரே, அக்காமாரே, மைனிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

"குடும்பச் சிக்கனத்தில் மிஞ்சுவது சேமிப்பா, சோர்வா?" இதுதான் தலைப்பு. சோர்வே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். சாட்சி இருக்கிறதா என்று நடுவர் ஐயா ஆரம்பத்திலேயே கேட்டார். ஐயா, மூன்றாவது வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். பச்சைச் சேலை கட்டிய அக்கா வில்லுப்பாட்டு முடியும் முன்பே பந்தல்காலில் சாய்ந்து தூங்கிவிட்டார். விடியக்காலம் பொங்கல் வைத்து, மத்தியானம் கொடைக்கு வந்த சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் இலை போட்டு, சாயங்காலம் ஏனம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். யாரும் எழுப்ப வேண்டாம். என் கட்சியின் முதல் சாட்சி அவர்தான்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி என்ன சொன்னார்? "எங்க அம்மா ஒரு தேங்காயை மூணு நாள் ஓட்டுவா. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவா. அதனாலதான் நாங்க இன்னைக்கு நல்லா இருக்கோம்" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். அவர் அம்மாவைப் பற்றி அவ்வளவு சொன்னவர், அந்த அம்மா ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார் என்று மட்டும் சொல்லவில்லை.

அளக்கிறோம் அண்ணாச்சி. அரிசியை உழக்கால் அளக்கிறோம். எண்ணெயைக் கரண்டியால் அளக்கிறோம். சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டு அளக்கிறோம். கரண்டு நூறு யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று மீட்டரை எட்டிப் பார்த்து அளக்கிறோம். அசதியை அளக்க எந்த வீட்டு அடுக்களையில் என்ன ஏனம் இருக்கிறது?

நான் அளந்து பார்த்தேன். என் நோட்டிலிருந்து ஒரே ஒரு சனிக்கிழமையை மட்டும் வாசிக்கிறேன். எனக்கு வீடு கே.டி.சி. நகர். தெருமுனைக் கடையில் காய் விலை கூடுதல் என்று மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போனேன். உழவர் சந்தையை நான் குறை சொல்லவில்லை. 1999இல் மதுரையில் ஆரம்பித்த நல்ல ஏற்பாடு, நடுவில் தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்கலாம். ஐந்தே கால் மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, இரண்டு கட்டைப்பையோடு பஸ் ஏறினேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். நிற்கிறதும் இலவசம்தான். வீட்டுக்குத் திரும்பும்போது எட்டே கால். உள்ளங்கையில் பைக்காது பதிந்த கோடு மத்தியானம் வரை போகவில்லை. மிச்சம் எவ்வளவு தெரியுமா? 58 ரூபாய்.

அது அதோடு முடியவில்லை. சின்ன உள்ளி, அதான் சின்ன வெங்காயம், விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். ஏன் குறைவு? பொடி உள்ளி, அதனால் குறைவு. சுண்டுவிரல் நகம் பருமன் இருக்கும். பல்லாரி, அதான் பெரிய வெங்காயம் என்றால் நாலு வெட்டில் வேலை முடிந்துவிடும். ஆனால் நம்ம திருநெல்வேலி மகராசன்கள் பல்லாரி போட்ட சாம்பாரைத் தொடுவார்களா? தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "என்ன, ஓட்டல் சாம்பார் மாதிரி இருக்கு" என்பார்கள். ஒரு கைப்பிடி பொடி உள்ளி உரிக்கக் கால் மணி நேரம். நகக்கண்ணில் எரிச்சல், கண்ணில் தண்ணீர். அந்த 58 ரூபாயை ஒரு வாரம் உட்கார்ந்து உரித்தேன் ஐயா.

சரி, தேங்காய்க்கு வருவோம். ஒரு தேங்காயை மூன்று நாள் ஓட்டுகிற வீட்டில் தேங்காய்ப்பால் குழம்பான நம்ம சொதி வைக்க முடியாது என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இரண்டு தேங்காய் துருவி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று தடவை பிழிய வேண்டும். காய் வேகிறது தண்ணிப் பாலில். வெந்த பாசிப்பருப்பு, உரித்த முழு உள்ளி, பூண்டு, பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது எல்லாம் சேர்ந்த பிறகு, கடைசியில்தான் முதல் பால். அது கொதித்துவிடக் கூடாது, திரிந்துபோகும். நுரை கட்டும்போதே இறக்கி, எலுமிச்சை பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வேறு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குத் சமையல்காரத் தவசிப்பிள்ளைமார் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்கிற வேலை இது. அதை ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி தனியாக நின்று செய்கிறாள். ஒரு நாள் வாய்தவறி, "பாக்கெட்டுல தேங்காப்பால் விக்கிதாம்லா, ஒண்ணு வாங்குவோமா?" என்று கேட்டுவிட்டேன். "அதுக்கு ரூவாய அடுப்புல போட்டு எரிக்கலாம்" என்றார் எங்க வீட்டுக்காரர். இதோ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், கூச்சப்படாமல் சிரிக்கிறார் பாருங்கள்.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, நான் தட்டைப் போட்டு உட்காரும்போது மணி மூன்று. சட்டியின் அடியில் இரண்டு காரட்டும் ஒரு முருங்கைக்காயும் கிடக்கும். முதல் பாலைக் குடித்தவர்கள் பட்டாசலில் குறட்டை விடுவார்கள்.

எதிரணியில் இன்னொரு தம்பி பழைய சாமான் வாங்குவதைப் பெருமையாகச் சொன்னார். புதுசு எதற்கு, பாதி விலையில் கிடைக்கிறதே என்றார். தம்பி, நாங்களும் வாங்கினோம். பழைய சாமான் கடையில் ஒரு வாஷிங் மிஷின், இரண்டு தொட்டி வைத்தது. 2,500 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால், துவைக்கும், பிழியாது. பிழிகிற தொட்டி சுற்றவே இல்லை. ரிப்பேர் பார்க்க 1,800 கேட்டார்கள். "கைதான் இருக்கே" என்று முடிவாகிவிட்டது. யார் கை என்று சொல்ல வேண்டுமா? பைப்பில் இருந்து அந்த மிஷினுக்கு ஐந்து குடம் தண்ணீர் தூக்கி ஊற்றி, அது சுற்றி முடித்ததும் போர்வையைக் கையால் முறுக்கிப் பிழிவேன். நான் பிழிவது போதாதென்று மிஷினுக்கும் தண்ணீர் காட்டுகிறேன், தொழுவத்தில் மாட்டுக்குக் காட்டுகிற மாதிரி.

பழைய சேலைக்குப் பாத்திரம் கொடுக்க முடுக்குக்குள் வருவாரே, அவரிடம் நாமெல்லாரும் ஏமாந்ததுதான். ஆறு சேலை, இரண்டு பேண்ட். முக்கால் மணி நேரம் தார்சாவில் நின்று பேரம். "இன்னும் ஒரு சரிகைச் சேலை போடுங்கம்மா, மூடியும் தாரேன்" என்பார். கடைசியில் ஒரு சின்னப் போணி வந்தது. மூடி வரவில்லை. அதைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன், அதுவும் நான் ஸ்டூல் போட்டு ஏறி வைத்ததுதான்.

பேச்சு என்றால் புள்ளிவிவரம் வேண்டும் என்பார்கள். 2024இல் நாடு முழுவதும் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று மத்திய அரசு கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி இது. செய்யாத ஆண்கள் அந்த 88க்குள்ளேயே வரவில்லை. அந்த 88 நிமிஷக்காரர் யாராவது எங்கள் தெருவில் இருக்கிறாரா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அசதி என்பது மனசு சம்பந்தப்பட்டது, சுறுசுறுப்பாக இருந்தால் வராது என்று எதிரணித் தலைவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, மத்தியானம் ஆனால் கண்ணைக் கட்டியது. "மேலுக்கு முடியல" என்றால், "நேத்து நல்லாத்தான இருந்த?" என்பார்கள். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.9. என் கதை மட்டும் இல்லை இது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பிறகு என்ன சாப்பிடுதீங்க?" நான் பதில் சொல்லவில்லை. மிஞ்சினதை வீணாக்கக் கூடாது என்று, மிஞ்சினதையே சாப்பாடாக்கி, பசித்தால் ஒரு டம்ளர் டீ குடித்து ஓட்டியது அவருக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது. சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது என்றும் சொன்னார். சிக்கனம் என்று நான் செய்த இரண்டும் ரத்தத்தில் கை வைத்திருந்தது.

சேமிப்பு, சேமிப்பு என்கிறீர்களே, ஒரு சேமிப்புக் கதை சொல்கிறேன். எங்க அம்மா கடுகு டப்பாவுக்குள் பணம் சேர்த்தாள். காய்க்காசில் ஐந்து, பால்காசில் பத்து. ஐநூறு சேர்ந்ததும் கடையில் கொடுத்து ஒரே நோட்டாக மாற்றிச் சுருட்டி வைப்பாள். ஏழு வருஷத்தில் 23 நோட்டு. அப்பாவுக்குத் தெரியாது. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி, 500, 1000 நோட்டு செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். அம்மா அடுக்களைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அவளுக்கு பேங்கில் கணக்கு இல்லை. ஒரு ஆளுக்கு நாலாயிரம்தான் மாற்றித் தருவார்கள் என்று அம்மா, நான், தம்பி மூன்று பேரும் வரிசையில் நின்றோம். அம்மாவுக்கு அப்போது 63 வயது, முட்டி வீங்கியிருந்தது. முடியாதபோது வரிசையில் செருப்பை வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு நாள். பணம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வந்த பணத்தில் முதல் செலவு அந்த முட்டிக்கு ஊசியும் மாத்திரையும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றை ஒத்துக்கொண்டுவிட்டு முடிக்கிறேன். எதிரணி கையிலேயே நல்ல சாட்சி ஒன்று இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பழைய சோறு! ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அடுப்பு பற்ற வைக்க வேண்டாம், இட்லித் தட்டு கழுவ வேண்டாம். இரண்டு உள்ளி, ஒரு மோர் மிளகாய், தீர்ந்தது. பணமும் மிச்சம், உடம்பும் மிச்சம். அதே மாதிரிதான் கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே சட்டியில். புதன்கிழமை எங்கள் வீட்டில் இப்போது அதுதான், இரண்டாவது சட்டி கிடையாது. கீரை ஆய்வது யார்? பாக்கெட் தேங்காய்ப்பால் வேண்டாம் என்றவர்தான். டிவி பார்த்துக்கொண்டே ஆய்கிறார், காம்பும் சேர்ந்துதான் விழுகிறது, நான் வாய் திறப்பதில்லை. மத்தியானம் இரண்டரையில் இருந்து மூன்று வரை கதவைச் சாத்திக் கட்டையைச் சாய்க்கிறேன். அந்த அரை மணி நேரத்தையும் நோட்டில் செலவு என்றுதான் எழுதுகிறேன். வருஷக் கணக்கில் எழுதாமல் விட்ட பாக்கி அது. இதை எல்லாம் நான் ஆரம்பித்தது 8.9க்குப் பிறகு. உங்கள் சிக்கனம் என்னை அங்கே கொண்டுபோய் விட்ட பிறகு.

அடித்துவிட்டார் மணி. அந்தச் சத்தத்தில் பச்சைச் சேலை அக்காவும் முழித்துக்கொண்டார். "முடிஞ்சிட்டாட்டி? மாவு பொங்கி வழிஞ்சிருக்கும், பிரிஜ்ஜுல எடுத்து வைக்கணும்" என்று பக்கத்தில் கேட்பது எனக்கு இங்கே வரை கேட்கிறது. நடுவர் ஐயா, அந்த அக்கா கிளம்புவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.