சமையலறைக் கத்தியும் அச்சுப் புள்ளியும்

நண்பர்களே, வணக்கம்.

ஃபோட்டோமான்டாஜ், அதாவது புகைப்படங்களை வெட்டி ஒட்டிப் புதுப் படம் ஆக்கும் கலை என்றதும் கத்தரியும் பசையும்தான் நினைவுக்கு வரும். இன்று நான் ஒரு படி பின்னால் போய், புகைப்படத்தைப் புள்ளிகளாக அச்சிட உதவும் உலோக அச்சான ஹாஃப்டோன் பிளாக்கிலிருந்து தொடங்குகிறேன். அது இல்லாமல் இந்தக் கலை பிறந்திருக்காது.

1882இல் ஜெர்மனியில் மைசன்பாக் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை இது. கோடு போட்ட கண்ணாடித் திரையின் வழியாகப் புகைப்படத்தை மறுபடி படம் பிடித்தால், சாம்பல் நிறங்கள் சிறிதும் பெரிதுமான கறுப்புப் புள்ளிகளாக உடைந்துவிடும். அதைத் துத்தநாகத்திலோ செம்பிலோ அரித்து பிளாக் எடுத்தால், எழுத்துகளோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் அச்சடிக்கலாம். முரட்டுச் செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 65 கோடுகள் போதும். ஆர்ட் பேப்பர் என்றால் 120, 133 வரை போகலாம். இதன் விளைவைக் கவனியுங்கள். ஜெர்மன் பேரரசர் கைசரின் முகம், நடனக்காரியின் கால், பால் பேரிங், தெருவில் திரண்ட கூட்டம், எல்லாமே ஒரே மையில் ஒரே சாம்பலாகிப் பக்கத்தில் அருகருகே வந்து உட்கார்ந்தன. பெர்லின் டிராமில் பத்திரிகையைப் பிரிக்கும் ஒருவருக்கு, எதிரே இருப்பவரின் முகத்தைவிட ஐன்ஸ்டைனின் முகம் பெரிதாகத் தெரிந்தது. நவீன வாழ்க்கை அந்த மனிதரின் கைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். தொலைவில் இருப்பது பெருத்தது, பக்கத்தில் இருப்பது சிறுத்தது.

இதை உள்ளிருந்து பார்த்தவர் ஜெர்மன் ஓவியர் ஹன்னா ஹோஹ். 1916 முதல் 1926 வரை பெர்லினின் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் வாரம் மூன்று நாள் வேலை பார்த்தார். பெண்கள் இதழ்களுக்குப் பின்னல், லேஸ், பூத்தையல் மாதிரிகள் வரைவது அவர் பணி. லட்சக்கணக்கில் விற்ற 'பெர்லினர் இலுஸ்ட்ரீர்டெ ஸைட்டுங்' படப் பத்திரிகையும் அதே பதிப்பகத்தினுடையதுதான். 1919 ஆகஸ்ட் 24 தேதியிட்ட அதன் அட்டையில், புதுக் குடியரசின் தலைவர் ஏபர்ட்டும் ராணுவ அமைச்சர் நோஸ்கேயும் குளியல் உடையில் தண்ணீரில் நின்றார்கள். ஏபர்ட் பதவிப் பிரமாணம் எடுத்ததும் அதே வாரம். ஹோஹ் அந்த இருவரையும் வெட்டியெடுத்து எதன்மேல் ஒட்டினார் தெரியுமா? இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் துணியில் பதிக்கும் பூத்தையல் மாதிரித்தாளின்மேல்! அட்டைப் படமும் தையல் மாதிரியும் வீட்டுக்கு வந்தது பத்திரிகைகளின் வழியாகத்தான். ஹோஹ் அவற்றை ஒரே தாளில் சேர்த்தார், அவ்வளவே. அந்தக் கலையின் கூர்மை முழுதும் இந்த ஒரு செயலில் இருக்கிறது என்பேன்.

அவருடைய பெரிய படைப்பு 1920இல் பெர்லினில் நடந்த முதல் சர்வதேச தாதா கண்காட்சியில் தொங்கியது. தாதா என்பது போரையும் பழைய கலை மரபையும் கேலி செய்த கலை இயக்கம். 'வைமார் ஜெர்மனியின் கடைசிப் பீர்த்தொந்திப் பண்பாட்டு யுகத்தைத் தாதா சமையலறைக் கத்தியால் வெட்டியது' என்பது அதன் தலைப்பு. வைமார் என்பது அந்தப் புதுக் குடியரசின் பெயர். உயரம் 114 செ.மீ., அகலம் 90. மேலே வலப்புறம் கைசர் வில்ஹெல்ம். அவர் மீசை தலைகீழான இரண்டு மல்யுத்த வீரர்கள். போர்த்தளபதி ஹிண்டன்பர்க்கின் தலை ஒரு நடனக்காரியின் உடலில். நடுவே, தலையில்லாத ஒரு நடன உடலுக்கு மேல் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் தலை மிதக்கிறது. கீழே வலது மூலையில், பெண்கள் வாக்குரிமை பெற்ற ஐரோப்பிய நாடுகளின் வரைபடம். அதன் ஓரத்தில் ஹோஹ் தன் முகத்தையும் சிறிதாக ஒட்டியிருக்கிறார். ஜெர்மன் பெண்கள் நாடு முழுவதற்குமான தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1919 ஜனவரி 19இல். கண்ணை மூலைவிட்டமாக இழுத்துவந்து அந்த வரைபடத்தில் நிறுத்தியிருக்கிறார்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில், ஒட்டும் முன் துண்டுகளை ஒரு நாளாவது தாளின்மேல் சும்மா பரப்பி வையுங்கள். தலையை வெட்டும்போது கத்தரியை அசைக்காமல் காகிதத்தைத் திருப்பினால் வளைவு உடையாது. வெட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால், பின்பக்கத்திலிருந்து மென்மையான பென்சிலால் விளிம்பை மட்டும் தடவுங்கள். மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறினால் நல்ல பசை. சுவரொட்டிப் பசைபோல் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடாதீர்கள். பூச்சி வராது என்பது உண்மைதான், ஆனால் செம்பு காகிதத்தை அரித்துவிடும்.

பெரும்பாலும் கெடுவது சுருக்கத்தால். காகிதத்தில் நார் ஒரு திசையில் ஓடுகிறது. நனைந்தால் அதற்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஓரத்தில் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழிவதுதான் நார்த்திசை. துண்டின் நாரும் அடித்தாளின் நாரும் ஒரே திசையில் இருக்கட்டும். பெரிய துண்டுகளை முதலில் ஒட்டி, நடுவிலிருந்து வெளியே நீவுங்கள். மையொற்றுத் தாள்களுக்கு இடையே வைத்து, கால் மணி நேரத்தில் தாளை மாற்றி, பிறகு ஒரு நாள் பாரம் ஏற்றுங்கள். இன்னொன்று: அச்சுப் படத்தைப் பெரிதாக்கினால் விவரம் அதிகமாகாது, புள்ளிதான் பெரிதாகும். ஸ்கேன் செய்தால், புள்ளி வரிசைகள் மோதி மோயர் என்ற அலைஅலையான கோலம் வரும். தாளைச் சற்றுச் சாய்த்து வைத்து மறுபடி எடுங்கள்.

இன்னொரு பெர்லின் தாதா கலைஞரான ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஹோஹுக்கு நேர் எதிர்வழியில் போனார். ஹோஹ் வெட்டுத் தழும்பைக் காட்டினார்; இவர் மறைத்தார். வேண்டிய அளவில் புகைப்படங்களைப் பிரதி எடுத்து, வெட்டி ஒட்டி, இணைப்பு தெரியாதபடி அதன்மேல் தீட்டி ரீடச் செய்து, முழுவதையும் மறுபடி படம் பிடிப்பார். 1932 ஜூலையில் 'ஏஐஸட்' என்ற இடதுசாரித் தொழிலாளர் பட இதழில் வந்தது ஹிட்லரின் மார்பு எக்ஸ்ரே: தொண்டையிலிருந்து வயிறுவரை தங்க நாணயங்கள் அடுக்கு, இதயத்தின் இடத்தில் ஸ்வஸ்திகா. 'தங்கம் விழுங்கித் தகரம் பேசுகிறான்' என்பது வாசகம். ஜெர்மனில் தகரம் பேசுவது என்றால் உளறுவது. அந்த இதழ் கிராவ்யூர் முறையில் அச்சானது. மை குழிகளில் தேங்கிப் பதிவதால் சாம்பல் வழுவழுப்பாகி, ஒட்டிய கோடு கரைந்துபோகும். இவ்வகையில் கெடுவது வெளிச்சத்தால்: முகத்தில் இடமிருந்தும் உடலில் வலமிருந்தும் ஒளி விழுந்தால், எவ்வளவு ரீடச் செய்தாலும் பொய் தெரிந்துவிடும்.

ஹோஹின் படைப்பு இப்போது பெர்லின் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது. பார்க்க வாய்த்தால் முதலில் நான்கடி தள்ளி நில்லுங்கள். சக்கரங்களும் கூட்டமும் தெரியும். பிறகு கையளவு தூரத்துக்கு நெருங்குங்கள். கத்தரி எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்று விளிம்புகளில் பின்தொடரலாம்.