குழாய்கள் கூடும் குழியில் நீர் இழப்பது என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

பாதாளச் சாக்கடையைத் திட்டமிடும்போது குழாயின் விட்டம், நீளம், வாட்டம் ஆகியவற்றைக் கணக்கிடுவதில் காட்டும் அக்கறையை, குழாய்கள் வந்து கூடும் ஆள்நுழைவுக் குழியின் அடித்தளத்துக்கு நாம் காட்டுவதில்லை. குழாயின் நீளம் முழுவதும் உராய்வு சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளும் ஆற்றலை, இந்தக் குழி ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ளக்கூடும்.

குழாயிலிருந்து வெளிப்படும் நீர் அகன்ற குழிக்குள் விரிந்து, வேகம் தணிந்து, பிறகு வெளியேறும் குழாயின் வாய்க்குள் மீண்டும் ஒடுங்கிப் புக வேண்டியிருப்பதால், ஓட்டத்தின் இருபுறமும் சுழல்கள் தோன்றி, அவை சிதைந்து வெப்பமாகின்றன. அந்த வெப்பம் யாருக்கும் தெரியப்போவதில்லை. நீரின் ஆற்றலை, அது ஏறக்கூடிய உயரத்தால் அளப்பது வழக்கம். அப்படி ஒரு மீட்டர் உயரத்துக்குரிய ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் நீரின் வெப்பநிலை 0.0023 டிகிரி செல்சியஸ்தான் கூடும். ஆனால் குழாய் நிரம்பி ஓடும்போது, இழந்த உயரத்துக்கு ஈடாக மேற்புறக் குழிகளில் நீர்மட்டம் ஏறி நிற்பது நன்றாகவே தெரியும்.

இழப்பைக் கணக்கிட, வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்து, அதைக் குழியின் வடிவத்துக்குரிய ஒரு கெழுவால், அதாவது ஒரு பெருக்கெண்ணால், பெருக்குகிறோம். வேகம் வினாடிக்கு 1 மீட்டராக இருந்தால் பெருக்கலுக்கு முன் கிடைப்பது 5 சென்டிமீட்டர். 2 மீட்டரானால் 20, 3 மீட்டரானால் 46. நீர் நேராகக் கடந்து செல்லும் குழிக்கு இந்தக் கெழுவைத் தொடக்க மதிப்பீட்டில் 0.15 என்றும், செங்கோணத்தில் திரும்பும் குழிக்கு 1 என்றும் கொள்வதுண்டு. உராய்வுக் கெழு 0.02 எனக் கொண்டால், 300 மில்லிமீட்டர் குழாயில் அத்தகைய ஒரு திருப்பம் 15 மீட்டர் நீளக் குழாயின் உராய்வுக்குச் சமம். 1 மீட்டர் விட்டமுள்ள குழாயில் 50 மீட்டருக்குச் சமம். குழாய் பெரிதாகப் பெரிதாகச் சந்திப்பின் பங்கும் கூடுகிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

கிளைக்குழாய் செங்கோணத்தில் வந்து சேரும்போது அதன் உந்தத்தில் ஒரு துளியும் பிரதான ஓட்டத்தின் திசையில் சேர்வதில்லை. 45 டிகிரியில் சேர்ந்தால் ஏறத்தாழ 70 விழுக்காடு சேரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேகமாக வரும் நீர் மெதுவாக வரும் நீரை இழுத்துச் செல்வதால், சில வேளைகளில் ஒரு கிளையின் இழப்புக் கெழு எதிர்க்குறியோடு வரும். அதைக் கணக்குப் பிழை என்று அடித்துவிடக் கூடாது. அந்தக் கிளை பெறும் ஆற்றல் மற்றொன்று கொடுத்ததே, மொத்தத்தில் இழப்பு இழப்புதான்.

இழப்பைக் குறைக்கும் வழி பெரும்பாலும் கொத்தனாரின் கரண்டியில் இருக்கிறது. குழியின் தளத்தைத் தட்டையாக விடாமல், உள்வரும் குழாயையும் வெளிச்செல்லும் குழாயையும் வளைவாக இணைக்கும் வாய்க்கால் ஒன்றை வழவழப்பாகப் பூசி அமைக்க வேண்டும். அதன் பக்கச் சுவர்கள் குழாயின் பாதி உயரத்தோடு நின்றுவிட்டால், குழாய் நிரம்பும்போது நீர் இருபுறத் திட்டுகளின் மேல் வழிந்து மறுபடியும் சுழலத் தொடங்கும். சுவர்களைக் குழாயின் உச்சி வரை உயர்த்துவதே என் பரிந்துரை.

குழாய் நிரம்பாமல் ஓடும் நாட்களிலும் இந்தச் சுழல்கள் தீங்கற்றவை அல்ல. கழிவுநீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கலங்கலின்போது வெளியேறி, ஈரமான மேற்சுவரில் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டை அரிக்கிறது. வேகம் தணிந்த மூலைகளிலோ மணலும் கசடும் படிகின்றன.

சிறிய குழாய் பெரிய குழாயில் சேரும் இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டின் அடிமட்டத்தையும் ஒன்றாக வைத்தால், பெரிய குழாய் நிரம்பும்போது சிறியது மூழ்கி, நீர் பின்னோக்கித் தேங்கும். எனவே உச்சிகளை ஒரே மட்டத்தில் வைத்து, அடிமட்டங்களின் வேறுபாட்டைக் குழிக்குள் சரிவாக இறக்கிவிட வேண்டும். அந்தச் சரிவுக்கான ஆழம் அகழும்போதே கிடைத்துவிட வேண்டும். குழாய் பதித்த பிறகு அதைத் தேடிப் பயனில்லை.