மக்க வேண்டிய மரமும் கண்ணாடிப் பெட்டியும்

எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கே வந்துடுறேன். ஆர்ட் மியூசியம் எதுக்குன்னு கேட்டா பொருளைப் பாதுகாக்கத்தான்னு உடனே சொல்லிடுவோம், நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், ஜூனி மக்களோட அஹாயுதா பத்திப் படிக்கிற வரைக்கும்.

அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பக்கத்துப் பழங்குடி அவங்க. அஹாயுதாங்கறது மரத்துல செதுக்கின காவல் தெய்வம். திறந்தவெளில நிறுத்திடுவாங்க, மழையும் வெயிலும் பட்டுப் பட்டு அது மண்ணோட மண்ணாகணும், அதுதான் முறை. ஊருக்கே பொதுவானது, தனி ஆள் யாரும் அதை விக்க முடியாது, அப்போ வெளிய இருக்கற ஒவ்வொண்ணும் உரிமை இல்லாம எடுத்துட்டுப் போனதுதானேன்னு 1978ல டென்வர் ஆர்ட் மியூசியத்துக்கிட்ட கேட்டாங்க. மியூசியம் முதல்ல தயங்குச்சு, அப்புறம் குடுத்துடுச்சு. இத்தனைக்கும் பழங்குடிகளோட புனிதப் பொருளைத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்ற அமெரிக்காவோட நாக்ப்ரா சட்டம் 1990லதான் வந்துச்சு!

யோசிச்சுப் பாருங்க, மக்கணும்னே செஞ்ச ஒரு தெய்வத்தை நாம கண்ணாடிக்குள்ள வச்சு, ஈரம் படாம பூச்சி அரிக்காம பாத்துக்கிட்டு, அதைப் பாதுகாப்புன்னு வேற சொல்லிட்டு இருந்திருக்கோம். பல மியூசியங்கள்ல பழைய பொருள் மேல பூச்சி வராம ஆர்சனிக்ங்கற விஷத்தைத் தடவியிருக்காங்க, அது இன்னும் போகல, அதனால திரும்பக் கிடைச்ச பொருளை சடங்குல கையில எடுக்கவே பயப்பட வேண்டியிருக்கு, இது எனக்கு ரொம்ப வலிக்குது.

அதுக்காக எல்லாத்தையும் மூடிடணும்னு சொல்லல. 1984ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரி மக்களோட 'தே மாவோரி' கண்காட்சி நடந்துச்சு. பொருளெல்லாம் நியூசிலாந்து மியூசியங்கள்ல இருந்ததுதான், ஆனாலும் அந்தந்த மாவோரி இனக்குழுக்கிட்ட சம்மதம் கேட்டாங்க, பெரியவங்க கூடவே போனாங்க, விடியக்காலைல சடங்கு செஞ்சுதான் கதவு திறந்துச்சு. அங்க அது வெறும் சிற்பம் இல்ல, அவங்க முன்னோர்.

2024 ஜனவரில அமெரிக்காவுல புது விதி வந்துச்சு, நாக்ப்ராவுக்குள்ள வர்ற பொருள்னா முன்கூட்டியே சம்மதம் வாங்காம காட்சிக்கு வைக்கக் கூடாது. நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியம் ரெண்டு பெரிய ஹாலையே மூடிடுச்சு. அய்யோ பாக்க முடியலையேன்னு வருத்தப்படுறவங்களைப் புரியுது, ஆனா தங்களோட பாட்டன் பூட்டன் பொருளைத் தொடவே முடியாம எத்தனை தலைமுறை இருந்திருக்கு.

மியூசியத்துல வேலை பாக்கறவங்க இங்க இருந்தா ஒரு விண்ணப்பம். லேபிள்ல நன்கொடை குடுத்தவர் பேரை மட்டும் போட்டு நிறுத்தாதீங்க, எந்த மக்கள்கிட்ட இருந்து எப்படி வந்துச்சுன்னும் எழுதுங்க, எழுதுறதுக்கு முன்னாடி அவங்களையே கூப்பிட்டுக் கேளுங்க, வேண்டாம்னு சொன்னா எடுத்துடுங்க.