இரண்டு கரிநெருப்பு

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ச் சபையின் லெந்து காலக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்து இறங்கி நடந்தால், வழியில் ஒரு சாத்தே (குச்சியில் கோத்துச் சுடுகிற இறைச்சி) கடைக்காரர் கரியைப் பற்றவைத்து விசிறிக்கொண்டிருந்தார். அந்த வாடை பட்டதும், எழுதி எடுத்து வந்த குறிப்பைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். கரிநெருப்பைப் பற்றியே பேசுகிறேன்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இரண்டும் யோவான் எழுதின சுவிசேஷத்தில். 18-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றம். 21-ஆம் அதிகாரத்தில் திபேரியாக் கடற்கரை. நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் கரிநெருப்பு என்றே இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோன ராத்திரி, முதல் நெருப்பில் அவருடைய சீஷன் பேதுரு குளிர்காய்கிறான். அவரைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். மூன்று தடவையும் இல்லை என்கிறான். முதலில் கேட்டவள் வாசல் காக்கிற ஒரு வேலைக்காரி. சற்று முன்புதான் பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டினவன்! தைரியம் எப்போது வரும், எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கும் அப்படி ஒன்று உண்டு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். ஸ்டோரில் சாமான் குறைந்தது. பழி என் கூட்டாளி மேல் விழுந்தது. அந்த ஷிப்ட் முழுக்க அவன் என் பக்கத்தில்தான் நின்றான். சூப்பர்வைசர் கேட்டபோது, "நான் கவனிக்கல சார்" என்றேன். என் பெயரும் சேர்ந்துவிடுமோ என்ற பயம். அவன் வேலை போயிற்று. நான் அந்த ஞாயிறு பாடகர் குழுவில் நின்று பாடினேன்.

வேலை முடிந்து நாங்கள் இருவரும் போகிற சாத்தே கடை ஒன்று இருந்தது. அப்புறம் ஆறு வருஷம் அந்த ரோட்டுப் பக்கம் மோட்டாரைத் திருப்பவில்லை. "என் பாவங்களை மன்னியும்" என்று தினமும் ஜெபிப்பேன், மொத்தக் கணக்காக. இன்னது என்று எடுத்துச் சொன்னதில்லை.

இப்போது 21-க்கு வாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, பேதுருவும் வேறு சில சீஷர்களும் மீன்பிடிக்கப் போகிறார்கள். ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நின்று வலதுபுறமாக வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன். அவர் கர்த்தர் என்று கேட்டதும் பேதுரு கடலில் குதிக்கிறான். கரையேறினால் அங்கே கரிநெருப்பு. அந்தப் புகை அவன் மூக்கில் ஏறியிருக்காதா? இயேசு அதை யோசிக்காமல் மூட்டினார் என்று நான் நம்பமாட்டேன். விழுந்த இடத்தை அவன் சுற்றிக்கொண்டு போக அவர் விடவில்லை. ஆனால் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி. பசியோடு இருக்கிறவனை அவர் விசாரிக்கவில்லை, பாருங்கள்.

கேள்வியும் ஏன் மறுதலித்தாய் என்பதல்ல. என்னை நேசிக்கிறாயா? இங்கே நேசிப்பதைக் குறிக்கிற இரண்டு கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவார்கள். நான் அதற்குள் போவதில்லை. யோவான் அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர். என்னைப் பிடித்து நிறுத்துவது, மூன்றாந்தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்ற வரி. புண்ணைத் திறந்து கழுவினால் வலிக்கத்தானே செய்யும்? வலிக்கிற அந்தக் கையிலேயே வேலையையும் கொடுக்கிறார்: என் ஆடுகளை மேய்ப்பாயாக.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான். 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் போனது ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றுவிட்டார்கள். பேதுரு மனங்கசந்து அழுதான், ஆனாலும் மற்ற சீஷர்களோடேயே கிடந்தான்.

இந்த அதிகாரத்தை ஒரு லெந்து காலத்தில் வாசித்த ராத்திரிதான், கூட்டாளியின் பெயரைச் சொல்லி முதல் தடவையாக ஜெபித்தேன். ஆண்டவர் அன்றே மன்னித்தார் என்று நம்புகிறேன். கூட்டாளி மன்னிப்பது வேறு விஷயம், அவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்மில் சிலர், "ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீ யார் கேட்க" என்கிறோம். அது தப்பு. போன் போட்டேன். எங்கே பார்க்கலாம் என்றதற்கு அவன் அந்தக் கடையைத்தான் சொன்னான்.

எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் எலுமிச்சம்புல் தண்டை எண்ணெயில் தோய்த்து இறைச்சிமேல் தடவ, கொழுப்பு கரியில் சொட்டிப் புகை எங்கள் பக்கம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கடைக்காரரைக் கூப்பிட்டு, இன்னும் பத்துக் குச்சி கொண்டுவரச் சொன்னான்.