கேஸ் தீரவில்லை, தூசுதான்

நேயர்களுக்கு வணக்கம். நான் பிரிட்ஜ் பழுது பார்ப்பவன். மைக் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கம் இல்லை. வேலை நேரத்தில் என் தலை பெரும்பாலும் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில்தான் இருக்கும். பிரிட்ஜையும் ஃப்ரீசரையும் எப்படிப் பராமரிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். சரி, எனக்கு வருகிற போனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"கூலிங் சரியா இல்லைங்க, கேஸ் தீர்ந்துபோச்சு போல. வந்து கேஸ் போட்டுக் குடுத்துடுங்க." அநேகமாக எல்லா போனிலும் முதல் பேச்சு இதுதான். இத்தனை வருஷத்தில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பிரிட்ஜில் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டரில் இருப்பதைப் போல எரிந்து தீர்வது கிடையாது. நாலாபுறமும் மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்காவது ஓட்டை விழுந்தால் மட்டுமே அது குறையும். ஓட்டை இல்லாத பிரிட்ஜுக்குக் கேஸ் போட வேண்டியதே இல்லை. ஓட்டை இருக்கிற பிரிட்ஜுக்கு, ஓட்டையை அடைக்காமல் கேஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்ஜ் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டைச் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஃப்ரீசர் பக்கம் இருக்கும் குழாயில் கேஸ் ஆவியாகும்போது அங்கிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அமுக்கிப் பின்பக்கக் காயிலுக்கு, அதாவது வளைந்து வளைந்து ஓடும் குழாய்க்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டைக் காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்ப உள்ளே போகிறது. ஒரு பக்கம் மூட்டையை ஏற்றி, மறுபக்கம் இறக்குகிற வேலை. அதனால் கூலிங் குறைந்தால் நான் மூன்று இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஏற்றுகிற இடத்தில் ஐஸ் கட்டியிருக்கிறதா, இறக்குகிற இடத்தில் தூசு அடைத்திருக்கிறதா, கதவு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறதா.

தூசிலிருந்து தொடங்குவோம். பழைய மாடல்களில் கருப்பாக ஏணி மாதிரி ஒரு காயில் பின்பக்கம் தெரியும். சிலவற்றில் அடியில், கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும். அதன் மேல் தூசு படிந்தால் கம்பளி போர்த்தின மாதிரிதான். சூடு வெளியே போக முடியாது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். என் வீட்டு பிரிட்ஜுக்கே இது நடந்தது. "ஊரார் வீட்டு பிரிட்ஜையெல்லாம் பார்க்கப் போறீங்க, நம்ம வீட்டுல தண்ணி கூட ஜில்லுன்னு இல்ல" என்று மனைவி ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் இழுத்துப் பார்த்தால் காயில் கம்பிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தொங்குகிறது. விரலால் உருட்டினால் நூலாகத் திரிகிறது. பெயின்ட் பிரஷ்ஷும் பழைய துணியும் எடுத்துக் கால் மணி நேரம் தட்டினேன். மறுநாள் காலையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜில்லென்று ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும். நாய், பூனை வளர்க்கிற வீடென்றால் இன்னும் அடிக்கடி. உங்கள் பிரிட்ஜின் பின்பக்கம் வழவழவென்று தகடாக மட்டும் இருந்தால், காயில் பெரும்பாலும் பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கும். பக்கவாட்டில் தொட்டால் சுடுகிறதே என்று பதறி எனக்கு போன் செய்கிறவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை, சூடு வெளியேறுகிற வழியே அதுதான். அந்தப் பக்கங்களைச் சுவரோடு ஒட்டி நெருக்காதீர்கள்.

அடுத்தது கதவு ரப்பர். ஒரு காகிதத்தைக் கதவில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்து மூடுங்கள். இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் இப்படிப் பாருங்கள், கீல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ரப்பர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் அதன் மடிப்புக்குள் சிந்திய பாலும் சர்க்கரைத் தண்ணீரும் பிசின் மாதிரி காய்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்பை விரித்துத் தேயுங்கள். துடைத்து உலர விடுங்கள். பிளீச்சிங் மாதிரி காரமான எதையும் ரப்பரில் போடாதீர்கள், விறைத்து வெடித்துவிடும். ஓரிடத்தில் மட்டும் வளைந்து போயிருந்தால், வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து இழுத்துச் சரிசெய்து, கதவை இறுக்கி மூடிச் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

இப்போது ஐஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேஸ் உண்மையிலேயே போவது இங்கேதான்.

ஒரு கதவு பிரிட்ஜுகளில் ஃப்ரீசர் சுவரே குளிர் தரும் தகடு. அதற்குள்தான் கேஸ் ஓடுகிற குழாய் இருக்கிறது. ஐஸ் அதன் மேல் அரை சென்டிமீட்டரைத் தாண்டியதும் டிஃப்ராஸ்ட் செய்துவிட வேண்டும். ஐஸ்தானே, குளிர்ச்சிதானே என்று விட்டால், அதுவே தகட்டுக்கும் சாமானுக்கும் நடுவில் திரையாகிவிடும். சரி, ஐஸைக் கரைக்க வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு வீட்டில் கல்லூரிப் பையன் ஒருவன் ஐஸ்கிரீம் டப்பாவை எடுக்கக் கத்தியை விட்டு நெம்பியிருக்கிறான். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பாம்பு என்று பயந்து கதவைச் சாத்திவிட்டானாம். நான் போய்ப் பார்த்தபோது அலுமினியத் தகட்டில் கடுகளவு ஓட்டை, அதைச் சுற்றி லேசாக எண்ணெய்க் கறை. அந்த பிரிட்ஜில் நிஜமாகவே கேஸ் தீர்ந்திருந்தது.

இன்றைக்கு வருகிற பெரும்பாலான வீட்டு பிரிட்ஜுகளில் ஆர்600ஏ என்ற கேஸ் இருக்கிறது. ஐசோபியூட்டேன் என்பார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பழைய கேஸ்களைக் கைவிட 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டார்களே, அதற்குப் பிறகு படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தவற்றில் இதுவும் ஒன்று. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தீப்பிடிக்கும். அளவு என்னவோ சொற்பம்தான், நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் கத்தி பட்டு அப்படிச் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நெருப்பு வேண்டாம். பக்கத்தில் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம்.

கத்திக்குப் பதில் என்ன செய்யலாம்? குளிரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் டிஃப்ராஸ்ட் பட்டன் இருந்தால் அமுக்குங்கள், கரைந்ததும் தானே மறுபடி ஓடும். அவசரமென்றால் பிளக்கைப் பிடுங்கி, சாமானை வெளியே எடுத்துத் துணியில் சுற்றி வையுங்கள். மடித்த துண்டின் மேல் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இருபது நிமிஷத்தில் ஐஸ் பாளம் பாளமாகக் கழன்று கையோடு வரும். ஹேர் டிரையர் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். சொட்டுகிற தண்ணீரும் கையில் கரண்ட் சாமானும் சேர்ந்தால் சரிப்படாது, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் இந்த வேலை இல்லை. குளிர் தரும் காயில் ஃப்ரீசரின் பின் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன ஹீட்டர் எரிந்து ஐஸைக் கரைக்கும். கரைந்த தண்ணீர் குழாய் வழியாகக் கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டுக்கு வந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். அப்படிப்பட்ட பிரிட்ஜின் ஃப்ரீசர் சுவரில் வெள்ளையாக ஐஸ் பூத்தால், ஒன்று கதவு சரியாக மூடவில்லை, இல்லையென்றால் ஹீட்டர் வகையறாவில் ஏதோ கோளாறு. ஒருநாள் முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் சரியான மாதிரி இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் திரும்ப வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்புறம், இந்த வகையில் ஃப்ரீசரிலிருந்துதான் காற்று கீழ் அறைக்கு இறங்குகிறது. அந்தக் காற்றுத் துவாரத்தை மறைத்துப் பொட்டலங்களை அடுக்கிவிட்டு, "மேலே கல்லா உறையுது, கீழே கூலிங்கே இல்ல" என்று சொன்னால் நான் என்ன செய்வது!

காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதே என்பது இன்னொரு வாடிக்கையான புகார். பின் சுவரின் அடியில், டிரேக்குச் சற்று மேலே, பட்டாணி அளவில் ஒரு துவாரம் இருக்கும். சுவரில் வழியும் தண்ணீர் வெளியே போகும் வழி அதுதான். ஒரு கீரை இலைத் துணுக்கு போதும், அடைத்துக்கொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். கம்பியை விட்டுக் குடையாதீர்கள். வழி திறந்ததும் பின்பக்கத் தட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அந்தத் தட்டையும் கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுங்கள். உள்ளே எல்லாவற்றையும் துடைத்த பிறகும் வாடை போகவில்லை என்றால், அது பெரும்பாலும் அந்தத் தட்டிலிருந்தும் இந்தத் துவாரத்திலிருந்தும்தான் வருகிறது.

உள்ளே துடைக்க ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போதும். வாசனை போட்ட ஃபினாயில் வகைகள் வேண்டாம். பிளாஸ்டிக் அந்த வாசனையைப் பிடித்து வைத்துக்கொண்டு வெண்ணெய்க்கும் பாலுக்கும் ஏற்றிவிடும். கண்ணாடித் தட்டை எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு வெந்நீரில் போடாதீர்கள், பிளந்துவிடும். பச்சை இறைச்சி, மீன் மூடிய டப்பாவில் கீழ்த் தட்டில் இருக்கட்டும், மேலே இருந்தால் சொட்டும். சிந்தியதை அன்றைக்கே துடையுங்கள். குளிரில் கிருமி எல்லாம் தூங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். லிஸ்டீரியா என்றொரு கிருமி பிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் ஆபத்து.

குமிழில் இருக்கும் 1, 2, 3 என்பது டிகிரி என்று நினைத்து 4-ல் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் எண். பெரும்பாலான பிரிட்ஜில் எண் கூடினால் குளிர் கூடும். உள்ளே எத்தனை டிகிரி என்று தெரிய வேண்டுமானால், ஒரு தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18. கதவுத் தட்டுதான் உள்ளேயே சூடான இடம், பால் அங்கே வேண்டாம். குமிழைத் திருப்பினால் ஒரு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதே பாதி வைத்தியம். கீழ் அறை நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கரண்ட் வந்தாலும், நீங்களாக அணைத்திருந்தாலும், ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாவதற்குள் போட்டால் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் 'டக், டக்' என்று முட்டும். வெளியூர் போகிறவர்கள், ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து அதன் மேல் ஒரு காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. மாதக்கணக்கில் போவதென்றால் காலி செய்து, துடைத்து, அணைத்து, கதவு மூடாதபடி ஒரு துண்டைச் சொருகிவிட்டுப் போங்கள். மூடினால் பூசணம் பிடிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் அப்படித் திறந்து வைக்க வேண்டாம்.

கதவு ரப்பருக்குள் காந்தப் பட்டை இருக்கிறதல்லவா? ஒரு காலத்தில் பிரிட்ஜ் கதவுக்குத் தாழ்ப்பாள்தான். உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள், தூக்கிப் போட்ட பிரிட்ஜுகளுக்குள் மாட்டி மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-ல் சட்டமே போட்டார்கள். காந்தக் கதவு எங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். ஆனாலும் இடம் நெருக்கமாக இருந்தால், கதவு எதிலாவது முட்டிக்கொண்டிருந்தால், சின்னக் குழந்தைக்கு அதையும் தள்ளத் தெம்பு இருக்காது. அதனால் பழைய பிரிட்ஜை இறக்கி வாசலில் வைக்கச் சொன்னால், நான் முதலில் கீல் ஸ்க்ரூவைத்தான் கழற்றுவேன். "எப்படியும் எடுத்துட்டுப் போகப் போறாங்க, எதுக்குங்க கழட்டுறீங்க?" என்பார்கள். பதில் சொல்வதற்குள் கதவு கையோடு வந்திருக்கும்.