ஓடுபாதைக்குச் சாணி மெழுகியவர்கள்

(கொடிநாளை ஒட்டி, வேலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, ஆசிரியர்களே, வணக்கம். போர் அனுபவம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1971 போரில் நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. குஜராத்தில், கட்ச் மாவட்டத்தில், பூஜ் விமானதளத்தில் காவல் நின்றேன். அவ்வளவுதான்.

காவல் என்றால் இரண்டு மணி நேரம் நிற்பது, நாலு மணி நேரம் படுப்பது, மறுபடி நிற்பது. வடக்கே ரான் உப்புவெளி, அதைத் தாண்டினால் பாகிஸ்தான். டிசம்பர்க் குளிர். ஊர் முழுக்க விளக்கணைப்பு, பீடி பற்றவைக்கக்கூடத் தடை. சுற்றிலும் புதர். என்ன புதர் தெரியுமா? நம்ம ஏரிகளை வளைத்துப் போட்டிருக்கிறதே, அதே சீமைக்கருவேலம்தான். அங்கே அதற்குக் ‘காண்டோ பாவள்’ என்று பேர், பைத்தியக்காரக் கருவேலம் என்று அர்த்தம். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ராத்திரி அந்தப் புதர் அசைந்தது. “தம்! கோன் ஆத்தா ஹை?” என்று கத்தினேன், ‘நில்! யார் வர்றது?’ என்று அர்த்தம். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. விரல் துப்பாக்கிக் குதிரை மேல். புதரை விலக்கிக்கொண்டு மெதுவாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒட்டகம்! கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்கு இந்தி தெரியாது. எனக்கும் அப்போது அரைகுறைதான்.

டிசம்பர் 3 சாயங்காலம் அமிர்தசரஸ், பதான்கோட் என்று நம் தளங்கள் மேல் குண்டு விழ, போர் தொடங்கியது. எங்களுக்குப் பெரிய அடி 8-ஆம் தேதி. ஓடுபாதை குண்டும் குழியுமாகிவிட்டது. ஓடுபாதை இல்லாத தளம் வெறும் பொட்டல். சரிசெய்யப் போதிய ஆள் இல்லை. அப்போது எங்கள் தளபதி ஸ்குவாட்ரன் லீடர் விஜய் கர்னிக். பக்கத்து மாதாபர் ஊரில் உதவி கேட்டார்கள். சுமார் 300 பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

வானத்திலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று பச்சைச் சேலை கட்டச் சொன்னார்கள். குழிகளில் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள். மேலே, நம்ம வாசல் மெழுகுகிற மாதிரியே, சாணி பூசினார்கள். குழியை அடைத்தது எதிரிக்குத் தெரியாதில்லையா! விமானம் வருகிறது என்று எச்சரிக்கைச் சங்கு ஊதினால் தட்டைப் போட்டுவிட்டு அந்தக் கருவேலம் புதருக்குள் ஓடுவார்கள். ஓய்ந்ததும் திரும்பி வருவார்கள். 72 மணி நேரத்தில் விமானம் ஏறுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

மேற்கே 17-ஆம் தேதி இரவு சண்டை நின்றது. சில மாதம் கழித்து லீவில் வந்தேன். அரக்கோணத்தில் இறங்கி, காட்பாடிக்கு வேறு வண்டி மாறி, டிரங்குப் பெட்டியோடு ஊர் சேர்ந்தேன். டீக்கடையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை பேரைச் சுட்டே?” யாரையும் இல்லை என்றால் முகம் தொங்கிப்போகும். மறுநாள் காலை அரிசி ஆலைச் சங்கு ஊதியது. நான் திண்ணையிலிருந்து குதித்துத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன். தெருவே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவளிடம் மட்டும் அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். சாணியில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள், காய்ந்து வெடிக்கவில்லையா என்று விசாரித்தாள். அப்புறம், “அத்தனை பொம்பளைங்களுக்கும் சோறு யாருடா போட்டா?” என்றாள்.

முதல் நாள் யாரும் போடவில்லை, மறுநாள்தான் பக்கத்துக் கோயிலிலிருந்து பழமும் இனிப்பும் வந்தது என்றேன்.

“நீ அன்னிக்குச் சாப்பிட்டியா?”

காவல் நின்ற இடத்தில் என் பைக்குள் நாலு பூரி இருந்தது. அவர்கள் கல் சுமந்துகொண்டிருந்தபோது திரும்பி நின்று தின்றேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.